ஏழாவது மாடு

ஏழாவது மாடான மெர்சிக்குள் என் இடது கை தோள்வரை போயிருந்தது. கர்ப்பப்பையின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தடித்திருந்தது. விரல் நுனியால் மெல்லத் தட்டினேன். உள்ளே நீரில் மிதந்த ஏதோ ஒன்று விலகிப் போய், திரும்பி வந்து விரலில் முட்டியது. எலியளவு இருக்கும். மூன்று மாதம்.

"என்ன வெர்னலு, காலிதானே?" என்றார் மிஸ் ஐசில்டா. சாக்பீஸும் தாளுமாக வேலியோரம் நின்றிருந்தார். அதற்கு முன் பார்த்த ஆறு மாடுகளும் காலி. ஆறின் முதுகிலும் அவரே வெள்ளைச் சிலுவை போட்டிருந்தார். அடிமாட்டு வண்டி பதினொரு மணிக்கு வரும்.

"சினை, மிஸ் ஐசில்டா."

"இல்லன்னு எழுது."

நான் அரசுப் பண்ணையின் சினை ஊசிக்காரன். செயின்ட் எலிசபெத் வட்டாரத்தின் இந்தச் செம்மண் மேடுகளில் இருபத்திரண்டு வருடமாக ஊசி போடுகிறேன். இந்தத் தீவின் வெயிலைத் தாங்கவென்றே எங்கள் ஆட்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு உண்டாக்கிய மாட்டினம் இது. இந்தியாவிலிருந்து வந்த சாகிவால் ரத்தமும் இதில் ஓடுகிறது. ஊசி போட்டவனே இப்போது வெட்டுக்குச் சீட்டு எழுதுகிறேன். சினை மாட்டை வெட்டுக்கூடத்தில் எடுக்கமாட்டார்கள். என் கையெழுத்து அதற்குத்தான்.

அமைச்சகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். நகல்கள் இருக்கின்றன. பால்பவுடருக்கு இருந்த இறக்குமதி வரியை ஏன் எடுத்தீர்கள் என்று முதல் கடிதத்தில் கேட்டேன். ஐரோப்பாவில் அரசாங்கமே பணம் கொடுத்துக் கப்பலேற்றும் பவுடரோடு, பதினொரு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் எந்த விலையில் போட்டி போடுவாள் என்று இரண்டாவதில் கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதில் எங்கே என்று மூன்றாவதில். ஐந்து மாதம் கழித்து இரண்டே வரி வந்தது. நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி சந்தை திறக்கப்பட்டுள்ளது. இதனால் நுகர்வோர் பயனடைவர். என் பெயரைக்கூடத் தப்பாக அடித்திருந்தார்கள். அந்த வாரமே பால் ஆலை, இனி எங்கள் பக்கம் வண்டி வராது என்று சொல்லிவிட்டது. பவுடரைத் தண்ணீரில் கலக்கினால் போதுமாம்.

"உள்ளதைத்தான் எழுதுவேன்" என்றேன்.

"உள்ளத எழுதி என்னத்தக் கண்ட? மந்திரிக்கு எழுதினியே, அவன் வந்து இவளுக்குப் புல்லறுத்துப் போடுவானா? கன்னு போட்டா பால் வரும். ஒத்த மாட்டுப் பாலுக்கு எவன் வண்டி அனுப்புவான்? போன வாரம் பூராவும் ஓடையில ஊத்தினேன். இந்தப் பக்கத்துத் தவளையெல்லாம் கொழுத்துக் கெடக்கு, போய்ப் பாரு."

"அதுக்காக வயித்துல இருக்கறதையும் சேர்த்தா..."

"பெரிய நியாயஸ்தன்! ஒன் பொஞ்சாதிய சனிக்கிழம கடையில பாத்தேன். கூடையில என்ன டின்னு வச்சிருந்தா? சொல்லேன், கேப்போம்."

நான் கையை உருவி வாளித் தண்ணீரில் கழுவினேன். எங்கள் அலமாரியில் அந்த டின் இருக்கிறது. அதன்மேல் பனிமலை அடிவாரத்தில் கறுப்பு வெள்ளை மாடு ஒன்று மேய்கிறது. பாதி விலைதானே என்றாள் என் மனைவி. நான் மறுக்கவில்லை. தினமும் அந்தப் பவுடர் கலந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் அமைச்சகத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.

மீதி நான்கையும் பார்த்தேன். காலி. தாளில் ஏழாவது வரியில் 'சினை, மூன்று மாதம்' என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் படிக்காமல் மடித்து ஏப்ரன் பையில் வைத்தார். மெர்சியைத் தொழுவத்தில் விட்டுக் கதவின் கொக்கியை மாட்டினார்.

அடிமாடு வாங்கும் பென்னிங்டன் சொன்ன நேரத்துக்கு வந்தான். வண்டியில் மாடு ஏறும் பலகையைச் சாய்த்துவிட்டு, "பத்துதான் சிலுவையோட நிக்குது. ஒருத்திமேல மட்டும் கர்த்தர் இரங்கிட்டாரா?" என்று சிரித்தான்.

மாடுகளை யாரும் ஓட்டவில்லை. காலையில் கறக்கப் போகிற அதே வரிசையில் தாமாகவே நடந்தன. கிழட்டு டாட்டி முதலில். அப்புறம் மற்றவை, ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு. ஆறு மாடுகள் ஏறின. எட்டாவதான பிளாசம் பலகையில் முன்னங்கால்களை வைத்ததும் நின்றாள். தலையைத் திருப்பித் தொழுவத்தைப் பார்த்தாள். பென்னிங்டன் கோலால் தட்டினான். நகரவில்லை. அவளுக்குப் பின்னால் மூன்றும் நின்றன.

"என்னம்மா இவ?"

"மெர்சிக்குப் பின்னாடிதான் போவா" என்றார் மிஸ் ஐசில்டா. "ஆறு வருஷமா அப்படித்தான்."

"அப்ப அவளையும் அவுத்து வுடு, ஏத்திக்கிறேன். தாளு எனக்கு வேணாம், வெட்டுக்கூடத்துல நான் பேசிக்கிறேன். கிழிச்சிப் போட்டுட்டு எல்லாம் காலின்னு நீ ஒரு வார்த்த சொல்லு, போதும்."

மிஸ் ஐசில்டா தொழுவத்துக்கு நடந்தார். ஒரு கை ஏப்ரன் பையில் இருந்தது. இன்னொரு கையைக் கொக்கியின்மேல் வைத்தார். வைத்தபடியே நின்றார். ஓடையில் ஊற்றத்தானே என்று இன்று யாரையும் கறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் மெர்சியின் மடி கனத்து, நான்கு காம்பிலிருந்தும் பால் தானாகச் செம்மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் முன்னங்கால் இரண்டையும் வைத்தபடி, பிளாசம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.