காலைப் பார்த்துச் சுடு

எழுபத்திரண்டில், கிழக்குத் தாம்பரத்து வீட்டுக்குப் புஷ்பத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், ரத்தினபாய் மகன் அசரியாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"கால் என்ன ஆச்சுன்னு கேட்டா, ரயில்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு. பையனோட அப்பா போலீஸ்ல இருந்து ரிட்டையரானவர். தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துடாதே."

அசரியா தலையாட்டினான். அறுபத்தைந்தில் வெளியூர்க் கல்லூரியில் படித்தபோது, இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட குண்டு அவன் வலது முழங்காலை உடைத்தது. இரண்டு வருஷத்தில் ஆட்சியே மாறியது. ஊர்வலத்தில் அவனோடு நடந்த சிலர் பதவிக்கு வந்து காரில் போனார்கள். போலீஸ்காரர்களின் தோளில் மட்டும் அதே துப்பாக்கி தொங்கியது. அசரியா பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பூகோளம் நடத்தினான்.

பையனின் அப்பா ஏசுதாசன் காபியைக் குடித்து முடிப்பதற்குள் துப்பாக்கிப் பேச்சுக்கு வந்துவிட்டார்.

"த்ரீ நாட் த்ரீ மாதிரி ஒரு சாமான் இனிமே வராது தம்பி. வெள்ளைக்காரன் ரெண்டு யுத்தத்தையும் அத்த வச்சுத்தான் ஜெயிச்சான். சீனாக்காரன் வந்தப்போதான் பேஜாராச்சு. அவன் விடாம சுடுறான், நம்ம ஆளு ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துகினு கீறான். அப்புறம் மிலிட்டரி வேற துப்பாக்கிக்கு மாறிடிச்சி. போலீஸ்காரன் நமக்கு அதுவே போதும். கூட்டத்துக்கு முன்னாடி நீட்டினா பாதிப் பேரு ஓடிடுவான்."

"தோள்ல நல்லா உதைக்கும்" என்றான் அசரியா. கல்லூரி என்.சி.சி.யில் அதே துப்பாக்கியால் சுட்டுக் கோப்பை வாங்கியவன் அவன்.

"அட, உனக்குத் தெரியுமா!" ஏசுதாசன் உற்சாகமானார். பிறகுதான் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோல் அவர் கண்ணில் பட்டது. "கால்ல இன்னா தம்பி?"

"ரயில்ல..." என்று ஆரம்பித்தாள் ரத்தினபாய்.

"இல்ல சார். இதே த்ரீ நாட் த்ரீதான். அறுபத்தஞ்சுல" என்றான் அசரியா.

ஏசுதாசன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கால்லதானே பட்டுது? காலைப் பார்த்துச் சுடுன்னுதான் எங்களுக்கு ஆர்டர். சுட்டவன் நல்ல வேலைக்காரன். கத்துக்குட்டியா இருந்தா மார்ல பட்டிருக்கும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லு."

"ஸ்தோத்திரம்" என்றாள் ரத்தினபாய் அவசரமாக.

பையன் தேவானந்தம் லேசாகச் சிரித்தான். கதவருகில் நின்ற புஷ்பம் அதைப் பார்த்தாள்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டே போனார்கள். புஷ்பம்தான் மாட்டேன் என்றாள்.

"அந்தப் பையனா சுட்டான்? பேங்க் வேலை. நல்ல இடம் புஷ்பம்" என்றான் அசரியா.

"அவங்க அப்பா சொன்னதைக் கேட்டுச் சிரிச்சாரே அண்ணா. நீ பார்க்கலையா?"

அவனும் பார்த்திருந்தான். ஆனாலும் அவளை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு வாரம் பேசிப் பார்த்தான். அப்படிப் பேசியதற்காக அவள் அவன்மேல் கோபப்பட்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் வாயை மூடாமல் இருந்ததற்காக அம்மா அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

வேறு வரன் அமையவில்லை. புஷ்பம் கூடுவாஞ்சேரியில் டீச்சர் வேலைக்குப் போனாள். தேவானந்தத்தின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது, ரத்தினபாய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பிள்ளைகள் இருவரையும் கூப்பிடாமல் தனியாகப் போய் வாழ்த்திவிட்டு வந்தாள்.