பெருவிரலிலிருந்து நெஞ்சுக்கு

1

இந்தக் கதை என் இரத்தத்திலிருந்து வந்தது. போன மாதம் பதுளையில் பரிசோதித்தபோது எனக்கு யூரிக் அமிலம் கூடியிருந்தது. என்னைப் பற்றி எழுதினால் புலம்பிவிடுவேன். ஆகவே அந்த அமிலத்தை அழகையாவுக்குக் கொடுத்தேன். அவர் தாங்குவார்.

பனி மூடிய பசறை மலைகளின் மடியில்...

(வேண்டாம். பெருவிரல் வீங்கியவன் மலையைப் பார்ப்பதில்லை.)

2

அழகையா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். காலையில் தூரத்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களையும் அதே லொறிதான் ஏற்றிச் செல்லும். அவருடைய மனைவி வேலாயியும் அவர்களில் ஒருத்தி.

ஒருநாள் அவருடைய கால் பெருவிரல் சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே உயிர் போனது. வேலாயி அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நஸ்மியா விரலைப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார், பிறகு நெஞ்சைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார், ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். அழகையாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வந்தது விரலுக்கு.

(இங்கே யூரிக் அமிலம் பற்றி ஒரு பக்க விளக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். டாக்டர் என்னைவிடச் சுருக்கமாகப் பேசுகிறார்.)

"யூரிக் அமிலம் கூடினவங்களுக்கு இதய நோயும் கூடுதலா வருது. அதுதான் காரணமா, சேர்ந்து வர்றதான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா உங்களுக்கு பிரஷரும் கூட. ஈசிஜியிலயும் வித்தியாசம் தெரியுது. அடுத்த டெஸ்ட் முடியிற வரைக்கும் லொறி ஓட்டாதீங்க."

3

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வலியோடு சேர்ந்து டாக்டர் சொன்னதும் போய்விட்டது. லொறிச் சாவியைக் கொடுத்தால் மறுபடி கைக்கு வராது என்பது அழகையாவின் பயம். மறுநாள் காலையில் லொறியில் ஏறி உட்கார்ந்தார்.

வேலாயி லயத்து வீட்டில் அழுதுகொண்டு...

(அடித்துவிட்டேன். வேலாயி அப்படிப்பட்டவள் இல்லை என்று இரண்டாம் வரைவில்தான் புரிந்தது.)

வேலாயி லொறிக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னால் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முந்தாநாளு நெஞ்சு அடைக்குதுன்னு என்கிட்ட சொன்னீங்கல்ல? அத இவங்ககிட்டயும் சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

ஏறியிருந்த பெண்களில் பெரியாயி என்பவள் முதலில் இறங்கினாள். அழகையா கண்ணாடியில் அதைப் பார்த்தார். அவமானம்தான். ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. இறங்கி, சாவியை இன்னொரு டிரைவரான தினேஸிடம் கொடுத்தார்.

4

முடிவுகள்.

அ) கொண்டை ஊசி வளைவில் மாரடைப்பு. (கிழித்தாயிற்று. ஓர் அமிலத்தின் பயங்கரத்தைக் காட்ட லொறி நிறையப் பெண்களைப் பள்ளத்தில் தள்ள மாட்டேன்.)

ஆ) நெஞ்சில் ஒன்றுமில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். (டாக்டரை முட்டாளாக்கும் முடிவு.)

இ) இன்று காலை இருவரும் பதுளை பஸ்ஸில் வந்தார்கள். வளைவுக்கு வளைவு அழகையா வாய்க்குள்ளேயே டிரைவருக்குக் கியர் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது பரிசோதனை அறைக்குள் போய்விட்டார். கதவு மூடியிருக்கிறது. உள்ளே போய் எழுத என்னால் முடியும், போகமாட்டேன்.

வெளியே வாங்குப் பலகையில் வேலாயி தனியாக இருக்கிறாள். பக்கத்தில் இடமிருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். கதவு திறந்ததும் அவர் முகத்தை முதலில் பார்க்கப்போவது நீங்கள் இருவரும்தான்.