வனஜா டீச்சர் போன தீவு

ஐஸ் பெட்டியின் பிளக் ஹால் சுவரில் இருந்த சாக்கெட்டில் நுழையவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த ஆள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் விவரம் தெரிந்தவர் யார் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தான். ஓஸ்வால்ட் நாற்காலியை விட்டு எழுந்தார். உள்ளே போய் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துவந்து, சமையலறையில் கிரைண்டருக்காக அவரே போட்டுவைத்திருந்த பெரிய பாயின்ட்டிலிருந்து வயர் இழுத்தார். வயர் யார் காலிலும் தடுக்கக்கூடாது என்று சுவரோரமாகவே கொண்டுவந்தார்.

"விடுங்க டாடி, யாரையாவது கூப்பிடலாம்" என்றாள் மகள் பிரபா.

முப்பத்தைந்து வருஷம் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்த மனுஷன் அவர். மனைவியின் தலைமாட்டில் மண்டியிட்டு, ஸ்க்ரூவை முடுக்கி, ஸ்விட்சைப் போட்டார். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் வனஜா நீலப் பட்டுப்புடவையில் படுத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு என்னமோ செய்கிறது என்று சொல்லிச் சோபாவில் சாய்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபது வயது. லிங்கராஜபுரத்தில் பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த தையல் டீச்சர் அவள்.

பதினொரு மணிவாக்கில் கேட்டருகே இரண்டு பேர் தயங்கி நின்றார்கள். ஒருவன் முப்பது முப்பத்திரண்டு வயசுக்காரன், வெயிலில் காய்ந்த முகம். இன்னொருவர் தொப்பி போட்ட பெரியவர், கையில் ரோஜா மாலை. மாதா கோவில் ஆட்களில்லை, சொந்தக்காரர்களும் இல்லை. ஓஸ்வால்ட் வெளியே போனார்.

"நான் கிரண், சார். டீச்சர் நிக்கோபார் வந்தாங்கல்ல, அந்த டூருக்கு நான்தான் கைடு. இவர் கிருஷ்ணப்பா, அதே குரூப். பேப்பர்ல பார்த்தோம்."

ஓஸ்வால்டுக்குக் கை நீட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. தீவுக்காரர்கள். இரண்டு வருஷமாக அவர்களை அவர் மனசுக்குள் அப்படித்தான் அழைத்துவந்தார், அவ்வளவு பிரியமாக இல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஏரிக்குப் பறவை எண்ணப் போகத் தொடங்கியதில் வந்த வினை அது. ரிட்டயரானதும் வனஜா பெரிய நிக்கோபாருக்குப் போகவேண்டும் என்றாள். மெட்ராஸிலிருந்து ஒரு கப்பல், வழியில் இறங்கி இன்னொரு கப்பல், பிறகு காடு. ஒரு குழு போகிறது, கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆள் இருக்கிறது, நீங்களும் வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். தண்ணியும் கொசுவும் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன் என்று அவர் சிரித்துவிட்டார். மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. தனியாகப் பெயர் கொடுத்துவிட்டாள். கிளம்பின அன்று காலையில் அவர் ஒழுகாத குழாய் ஒன்றைக் கழற்றிப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

கறுத்து, இளைத்து, காலெல்லாம் அட்டைக்கடித் தழும்போடு திரும்பி வந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அங்க ஒரு ஆறு இருக்குங்க" என்று ஆரம்பித்தாள். டிவியில் கடைசி மூன்று ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்ச் முடியட்டும், சொல்லு என்றார். மேட்ச் முடிந்தபோது அவள் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். அப்புறம் அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கிருஷ்ணப்பா மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். திரும்பியவர், ஓஸ்வால்டை ஏற இறங்கப் பார்த்து, உப்புமாவைக் கண்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவர் நீங்கள்தானே என்று கன்னடத்தில் கேட்டார். ஓஸ்வால்ட் திகைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுகிறவர், மழை வந்தால் முதலில் மீட்டர் போர்டைப் போய்ப் பார்க்கிறவர் என்று கிருஷ்ணப்பா அடுக்கிக்கொண்டே போனார். கப்பலில் பார்க்க என்ன இருந்தது, தண்ணீர்தான். அத்தனை நாளும் டெக்கில் உட்கார்ந்து டீச்சர் சொன்ன கதையெல்லாம் உங்களைப் பற்றித்தான் என்றார்.

"திட்டியிருப்பா" என்றார் ஓஸ்வால்ட்.

"திட்டினாங்க. திட்டிட்டு, ஒவ்வொரு துறைமுகத்துலயும் எஸ்டிடி பூத் தேடினாங்க" என்றான் கிரண்.

ஓஸ்வால்டுக்கு அந்தப் போன்கள் ஞாபகம் வந்தன. சாப்பிட்டீங்களா, காஸ் வந்துச்சா என்று கேட்பாள். ம் என்று வைத்துவிடுவார்.

வந்தவர்கள் கிளம்பத்தான் எழுந்தார்கள். ஓஸ்வால்ட் இரண்டு நாற்காலிகளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டார். தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லு தம்பி. கப்பலை விட்டு இறங்கினீங்க. அப்புறம்?"

கிரண் பெட்டியைப் பார்த்தான், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தான், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தான். அவன் தொழிலே அதுதானே, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனான். கேம்பல் பே துறை, ரோட்டைப் பாதி மூடிக்கொண்டு வரும் காடு, அட்டைக்குப் பயந்து ஷூவுக்குள் உப்பும் புகையிலைத் தூளும் போட்டுக்கொண்டு நடந்தது, தென்னைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த, ஒரு குடம் பருமன் இருந்த நண்டு. வால் நீண்ட குரங்குக் கூட்டம் ஒன்று டீச்சர் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொண்டுபோனதையும், டீச்சர் அதுகளைப் பேர் சொல்லி அதட்டியதையும் சொன்னான். பேர்களெல்லாம் அவளிடம் தையல் படித்த பெண்களுடையவை. ஓஸ்வால்ட் நடுவில் கேள்விகள் கேட்டார். மழைக்கு எங்கே ஒதுங்கினீர்கள், ராத்தங்கலுக்குக் கரன்ட் இருந்ததா, ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ.

"நாலாவது நாள் ஆறு வந்துச்சு சார். கடல்ல சேர்ற இடம். முதலை உள்ள ஆறு. சின்னப் படகுலதான் தாண்டணும்."

ஓஸ்வால்ட் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர் மணல்ல உக்காந்துட்டாங்க. வரமாட்டேன்னுட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சரி, திரும்பிடலாம்னு எல்லாரும் பையைத் தூக்கிட்டோம்."

அப்போது வாசலில் சலசலப்பு. ஃபாதர் ஆம்ப்ரோஸ் வந்துவிட்டார். பெண்கள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். பிரபா வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். ஓஸ்வால்ட் எழுந்து ஃபாதரைக் கும்பிட்டார்.

"ஒரு நிமிஷம் ஃபாதர். அவங்க இன்னும் ஆத்தைத் தாண்டல."

ஃபாதருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முப்பது வருஷமாகச் சாவு வீடுகளுக்குப் போய்வருகிறவர். புத்தகத்தை மூடிக்கொண்டு ஓரமாக நின்றார். ஹாலே நிசப்தமாகிவிட்டதால் கிரண் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே எந்திரிச்சாங்க. படகுக்குப் போய்க் கட்டியிருந்த கயிறெல்லாம் ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்தாங்க. ஒரு முடிச்சைப் பிரிச்சு வேற மாதிரி போட்டாங்க. 'இது எங்க வீட்டுக்காரர் போடுற முடிச்சு, அவுறாது'ன்னு சொல்லிட்டு, ஏறி நடுவுல உக்காந்துட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க சார். அக்கரை போற வரைக்கும் தொறக்கல. படகுக்காரர் அந்த முடிச்சைக் கத்துக்கிட்டுத்தான் எங்களை விட்டார்."

ஓஸ்வால்ட் தலையை ஆட்டினார். ஒரு வேலை சரியாக முடிந்ததைப் பார்த்த மாதிரி ஆட்டினார். பிறகு ஃபாதரிடம், "ஆரம்பிங்க" என்றார்.

கல்லறையில் எல்லாம் சீக்கிரம் நடந்தது. தூறல் போட்டதால் ஜெபம் சுருங்கிற்று. பிரபா உடைந்து அழுதபோது அவளைப் பிடித்துக்கொண்டது ஓஸ்வால்டுதான். தன் பங்குக்கு மண் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்களுக்குக் காபி ஏற்பாடு செய்ய மகளும் மருமகனும் முன்னால் காரில் போனார்கள். கிருஷ்ணப்பா ஆட்டோ பிடித்துக்கொண்டார். ஓஸ்வால்ட் யாரும் அழைக்காமலே கிரணின் ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

ரயில் கேட் மூடியிருந்தது. கிரண் இன்ஜினை நிறுத்தினான்.

"தாண்டினப்புறம் என்ன பார்த்தா?"

ஒரு பறவை என்றான் கிரண். கோழி அளவுதான் இருக்கும். மண்ணையும் சருகையும் காலால் வாரி ஆள் உயரத்துக்கு மேடு போடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து போடுவது. முட்டையை அதற்குள் புதைத்துவிடும், அடைகாக்காது. மேட்டுச் சூட்டிலேயே குஞ்சு பொரிந்து தானே மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதைப் பார்க்கத்தான் டீச்சர் அவ்வளவு தூரம் வந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். டீச்சரும் அவனும் மட்டும் ஒரு மரத்தடியில் இரண்டு மணிநேரம் பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார். ஜோடியா. பத்தடி தூரத்துல." கிரண் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே தயங்கினான். "டீச்சர் சரியா பார்க்கல."

"ஏன்?"

"இன்னைக்கு இதைச் சொல்லக்கூடாது."

"சொல்லுப்பா."

"தூங்கிட்டாங்க. மரத்துல சாய்ஞ்சமேனிக்கு. கொறட்டை வேற. அதுல பறவை ரெண்டும் ஓடிருச்சு."

ஓஸ்வால்ட் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினார். கலியாணமான முதல் வாரத்திலிருந்து முப்பத்தி நாலு வருஷம் அவர் சொல்லிவந்த ஒரே புகார் அது. நானாவது, குறட்டையாவது, கனவு கண்டிருப்பீங்க என்பாள். பிரபாவும் அம்மா கட்சிதான். வீட்டில் அவர் பேச்சை எடுத்துக்கொள்ள ஒரு சாட்சி கிடைத்ததில்லை.

"பெரிசாவா?"

"பெரிசாத்தான் சார்."

சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து வந்தது. தோள் குலுங்கியது. டேஷ்போர்டைக் கையால் தட்டினார், ஏதோ சொல்லப் பார்த்தார், மறுபடி சிரித்தார். கிரணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரயில் நீளமாகப் போய் முடிந்தது. கேட் மேலே எழும்பியது. முன்னால் நின்ற ஆட்டோக்கள் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பின, பின்னாலிருந்து ஹாரன்கள் தொடங்கின.

கிரண் சாவியில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தான். ஓஸ்வால்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். கிரண் சாவியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ஒரு பஸ் அவர்களைச் சுற்றி வளைந்துகொண்டு மெதுவாகத் தண்டவாளத்தைக் கடந்து போயிற்று.