ரீஃபண்ட் வரட்டும்

ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். குளியலறைக் கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, ரீஃபண்ட் வரட்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் விடுகிறதா, ரீஃபண்ட் வரட்டும். மரிய அருணின் சம்பளத்தில் பிடித்த வருமான வரி முழுசாகத் திரும்பி வரப்போகிறது என்று நெல்லித்தோப்பில் அந்தத் தெருவுக்கே தெரியும். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பணம் வந்து சேர்ந்தது. முப்பத்தைந்தாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். மறுநாள் பூசை முடிந்து வந்த கையோடு அவன் மனைவி லினெட் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் எழுத உட்கார்ந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், ஒரு ரூபாய்கூட வழி தவறிப் போகக் கூடாது அவளுக்கு. மகள் பெனிஷாவின் இரண்டாவது டேர்ம் ஃபீஸ் பதினான்காயிரம். மழைக்கு முன்னால் கூரைக்குப் பதினைந்தாயிரம். மிச்சம் தபாலாபீசில். ஃப்ரிட்ஜ் இன்னொரு வருஷம் அழட்டும். அருண் பெரிய டிவி என்று வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவன் போனில் வரி இலாகாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பொய்யான வரிக்கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கியிருந்தால் நீங்களாகவே திருத்திக்கொள்ளுங்கள் என்று. ஆயிரக்கணக்கான பேருக்குப் பொதுவாகப் போகிற செய்திதான். ஆனாலும் லினெட் எழுதுவதை நிறுத்தினாள்.

"நாம என்னா எழுதிக் குடுத்தோம்?"

"எனக்கென்னா தெரியும்? இராமதாஸ்தான் போட்டாரு. அனுப்புன பேப்பர நான் தொறந்தே பாக்கல."

இராமதாஸ் ஜூலை மாதம் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் லேப்டாப்போடு உட்காருகிற ஆள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வரிசையாக நின்று பான் நம்பரையும் பாஸ்வேர்டையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. இந்தத் தடவை வீட்டில் எல்லாருடைய ஆதாரும் வேண்டும் என்றார். அருண் மூன்றையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பைக் சாவியை எவனுக்கும் இப்படித் தரமாட்டான், மகராசன்.

லினெட் பேப்பரைத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. சம்பாதிக்கிறவரை நம்பியிருப்பவர், மகள். கடுமையான ஊனம். கழிவு, ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம். கீழே பெனிஷாவின் ஆதார் நம்பர்.

வாசலில் பெனிஷா சாக்பீஸில் கட்டம் போட்டு, வெறுங்காலோடு நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஏழு வயசு.

லினெட் பயந்துபோனாள். நோட்டீஸ், அபராதம், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை என்கிற பயமெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. பெற்ற அப்பன் பெயரில், பிள்ளைக்குக் கடுமையான ஊனம் என்று எழுத்தில் போயிருக்கிறது. அதற்குக் காசும் கை நீட்டி வாங்கியாகிவிட்டது. காசு வாங்கினால் பொருளைக் கொடுத்தாக வேண்டுமே என்று அவள் மனசு போன போக்கில் போயிற்று.

"எல்லாருக்கும் இப்படித்தான் போட்டிருப்பாரு. எங்கூட வேல பாக்குற ஆரோனுக்கு அவங்கம்மாவக் காட்டுனாராம். பேப்பர்ல எழுதுனா காலு போயிடுமா?" என்றான் அருண்.

"வாய மூடுங்க!" அவள் போட்ட சத்தத்தில் வாசலில் பெனிஷா ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வேன் வந்தது. பெனிஷா பையை மாட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தாள். நாலு எட்டு வைத்தாள். நொண்டினாள்.

"காலுக்கு என்னாடி?"

"ஒண்ணும் இல்லம்மா." வேன் போய்விட்டது.

லினெட்டுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடையில் இருமல் சிரப்புக்கு வந்தவருக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை பில் போட்டாள். பதினோரு மணிக்கு அரைநாள் லீவு சொல்லி, ஏடிஎம்மில் அருண் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக்கொண்டு வில்லியனூர் பஸ் ஏறினாள். மாதா கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று செய்து விற்பார்கள். எந்த உறுப்புக்கு நோவோ அதை வாங்கிக் காணிக்கை வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். ஒரு காலை வைத்துவிட்டால் போதும், பிள்ளையின் காலை மாதா பார்த்துக்கொள்வாள் என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

கடைக்காரி செல்வாம்பாள் தட்டை நீட்டினாள். "காலா? யாருக்கும்மா?"

"எம்பொண்ணுக்கு."

"ஐயோ பாவம். வலதா எடதா? என்னா பாப்பாவுக்கு?"

லினெட் வாய் திறந்தாள். எந்தக் கால் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்க்காமல் இங்கே வந்து நிற்கிறாள். கையில் இருக்கிற நோட்டும் அந்தப் பணம்தான். பிள்ளைக்கு ஊனம் என்று சொல்லி வாங்கிய காசில், பிள்ளைக்கு ஊனம் என்று மாதாவிடமும் போய்ச் சொல்வதா? தட்டை அப்படியே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பெனிஷாவை கேட்டோரம் படியில் உட்காரவைத்து ஷூவை இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்ததில் பிள்ளை கத்திவிட்டது. வலது கால் சுண்டுவிரலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவுக்குள் விரல் நீட்ட இடமே இல்லை.

"எத்தன நாளாடி?"

"இன்டிபெண்டன்ஸ் டே மார்ச்சிங்லேர்ந்து."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். நீதான் ரீஃபண்ட் வரட்டும்னு சொன்ன."

காலண்டர் தாள் கண்ணில் வந்தது. ஃபீஸ் இருந்தது, கூரை இருந்தது, தபாலாபீஸ் இருந்தது. ஷூ இல்லை. ஒரு மாதமாக நொண்டின பிள்ளை, பயந்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கிறாள்.

மார்க்கெட் பக்கம் செருப்புக் கடைக்கு அருணை வரச்சொன்னாள். கம்பெனியிலிருந்து நேராக வந்தான், முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஆரோனுக்கு நோட்டீஸ் வந்துடுச்சு," என்றான் காதோரமாக.

"நாளைக்கே நல்ல ஆடிட்டரப் பாத்து கணக்கத் திருத்திக் குடுங்க. அந்தப் பணம் வட்டியோட திரும்பிப் போவட்டும். இந்தாங்க, நான் எடுத்த ஐந்நூறும் அதுலதான்."

"இராமதாசுக்குக் குடுத்த மூவாயிரத்து ஐந்நூறு?"

"போச்சு."

"கூரை?"

"பக்கெட் வெக்கலாம்."

லினெட் தன் சம்பளப் பர்ஸைத் திறந்து அறுநூற்று ஐம்பது ரூபாயை எண்ணி வைத்தாள். புது ஷூவில் பெனிஷாவைக் கடைக்குள் நடக்கச் சொன்னாள். திரும்பி வரச் சொன்னாள். மறுபடியும் போகச் சொன்னாள். ஐந்தாவது தடவையாகச் சொன்னபோது கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்.

"பாப்பா நல்லாத்தானேம்மா நடக்குது?"

"நல்லாத்தாங்க நடக்குறா," என்றாள் லினெட். "அதத்தான் எழுதிக் குடுக்கணும்."