ரிங் உட்காரும் வரை

...இல்லை, மெதுவாக ஓட்டினால்தான் கெடும், இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று, புதிதாகக் கட்டிய எஞ்சினைப் பச்சைப் பிள்ளை மாதிரி தாங்கினால் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டி உட்காராது, சுவர் வழவழத்துப் போகும், பிறகு காலம் முழுக்க ஆயில் குடித்துப் புகை கக்கும், முதல் சில கிலோமீட்டரிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், காலை எடுக்க வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும்... அவனுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை, மூன்றாவது கியரில் போட்டுவிட்டு அவள் வார்த்தைக்காகக் காத்திருக்கிறான். அவள் மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன், அதன் வயர் எஞ்சினில் முடுக்கிய சின்ன மைக்கிலிருந்து வருகிறது, தகர டப்பாவில் கூழாங்கல் விழுந்த மாதிரி உள்ளே ஒரு தட்டல் கேட்டால் பிஸ்டன் போச்சு, அதைப் பிடிக்க அவள், ஓட்ட அவன், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். "மிதி" என்றாள். டர்போ மூச்சை இழுத்தது, இருக்கை முதுகைத் தள்ளியது. "எடு." எடுத்தான். காலையிலிருந்து இருவருக்கும் நடுவில் இந்த இரண்டு வார்த்தைதான், இன்றைக்கு மட்டுமா என்ன, கொஞ்ச காலமாகவே இவ்வளவுதான்.

நாளைக்கு இந்நேரம் அவன் இருக்க மாட்டான். வேறு ஊர், வேறு யாருடைய பட்டறையோ. பீரோவில் அவனுடைய தட்டு காலி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் மிச்சம், காலையில் அதையும் எடுத்துக்கொள்வான், எடுத்துக்கொள்ளாமல் மறந்துவிட்டால் என்ன செய்வது, தூக்கிப் போடுவதா, வைத்திருப்பதா... சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் கூடத் தேவலை. போன வாரம் ஒரு மதியம் கை கழுவிக்கொண்டே சொன்னான், கிரீஸ் போகாத விரல்களைப் பார்த்தபடி, "அங்க வேலை கிடைச்சிருக்கு, நான் மட்டும் போறேன், உன்கூட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் எனக்கு ஒண்ணாயிடுச்சு" என்று. "போகாம இருக்க முடியாதா?" என்று கேட்டாள். "முடியாது" என்றான். அவ்வளவுதான், அவள் போய் இந்த எஞ்சினின் ஹெட் போல்ட்டுகளை முடுக்கினாள், டார்க் ரெஞ்சு டக் என்றதும் கை நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் முடுக்கினால் மரை கழன்றுவிடும், அவள் கற்ற வேலை அது. கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று, கெஞ்சி ஒருவனை நிறுத்தி வைப்பதாவது... அம்மா போனில் அழுதாள், "நீ கொஞ்சம் இறங்கிப் போனா என்னடி குறைஞ்சிடும்?" குறையாதுதான், ஆனால் வராதே, அவளுக்கு அது வராதே, பிறவிக் குணம் பொங்கல் வைத்தாலும் போகாதாமே. வலிக்கிறது, நெஞ்சில் எங்கேயோ வலிக்கிறது, மருத்துவர் கேட்டால் இடம் காட்டத் தெரியாது.

"மிதி." ஊசி ஏறியது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகிறது, எண்கள் ஒழுங்காக இருக்கின்றன, கார் ஒரு பல் டாக்டருடையது, பல் பிடுங்கத் தெரிந்தவருக்கு டர்போவின் பூஸ்ட்டும் கூட்டத் தெரியும் என்று தானே திருகிப் பார்த்துப் பழைய எஞ்சினை உடைத்துக்கொண்டு வந்தவர், அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லி இவன் எப்படிச் சிரித்தான்... "எடு." சும்மா ஒரு திரும்பல், கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று, அப்போதுதான் பார்த்தாள், அவன் உதடு அசைகிறது. ஹெட்போனைத் தூக்கி "என்ன சொன்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல." பேசினானே? பாட்டா? அவனுக்குப் பாட்டு வராது. வாய் ஓயாத மனிதனாக இருந்தவன், பட்டறையே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிட்டது, எப்போது வாயடைத்துப் போனான் என்று அவளும் பலமுறை யோசித்திருக்கிறாள், அடைத்துப் போகவே இல்லையோ, அவள் காதில் இந்த ஹெட்போன் இருக்கும்போது மட்டும் பேசிக்கொண்டிருந்தானோ...

இனி செய்வது தப்பு, தெரிந்துதான் செய்தாள். முதலில் லேப்டாப்பில் இக்னிஷன் டைமிங்கை, தீப்பொறி விழும் நேரத்தை, கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தாள், தட்டலைக் கேட்க ஆளில்லாவிட்டாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, பாவம் அது என்ன செய்தது, பிறகு வயரைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள், ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் முடிக்கு அடியில் காதை விட்டு நகர்த்தினாள். "மிதி." இரைச்சல். "எடு." கார் தன் பாரத்தில் வேகம் இழக்க இழக்க, முன்கண்ணாடியோடு பேசுவதுபோல அவன் தொடங்கினான், சாதாரணமான குரல், பழைய குரல். "ஒரு தடவைதான் கேட்டா மகராசி. முடியாதுன்னதும் ரெஞ்சைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. இன்னொரு தடவை கேட்டிருந்தா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்? இருந்திருப்பேன். சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான சுத்திக்கிட்டிருந்தேன், கூட்டின இடத்தையே கூட்டிக்கிட்டு. இப்ப அவங்ககிட்ட வாக்கு குடுத்தாச்சு, வீடும் பார்த்தாச்சு, இனிமே கேட்டு என்ன..."

கூட்டினான், ஆமாம், கூட்டினான், அவள் பார்த்தாள், தரை சுத்தமாகத்தானே இருக்கிறது, இவனுக்கு வேறு வேலையில்லையா என்று கூட நினைத்தாள்... மிதி என்று சொல்ல வேண்டும், சொல்ல வரவில்லை, கார் தேய்ந்து தேய்ந்து கிட்டத்தட்ட நின்றேவிட்டது, அவன் ஓரம் கட்டி நியூட்ரலில் போட்டான், டர்போவின் சூடு ஆறும் வரை எஞ்சினை அணைக்கக் கூடாது. காதைத் தொட்டுக் காட்டி, சத்தம் எப்படி என்று கையால் கேட்டான்.

"தெரியலை" என்றாள். இந்த வேலையில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், மடியில் கிடந்த வயர் முனையைப் பார்த்தான், அவன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன, சட்டென்று எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியை நோக்கித் திரும்பிக்கொண்டான். என்ன சொல்வது, ஒட்டுக் கேட்டதற்கு மன்னிப்பா, அது எதற்கு இப்போது... "போகாம இரேன்" என்றாள். சொல்லிவிட்டாள். அவன் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, இருப்பானா போவானா தெரியவில்லை, ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல... மானம் போகவில்லை, உதட்டைப் பிரித்ததும் வந்துவிட்டது, இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா இது?