ஐந்தாம் தந்தியின் ஊளை

ஐந்தாவது தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தினால் மட்டும் என் கிதார் ஊளையிட்டது. வீணையில் மெட்டு என்பதுதான் கிதாரில் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டில் இல்லை, நான்காவதில் இல்லை. இரண்டாவதில் விரல் வைத்து லேசாகத் தட்டினால் போதும். தேய்ந்து அடங்க வேண்டிய சுரம் அடங்காமல் தடித்துக்கொண்டே போய், ஸ்பீக்கர் பெட்டிக்குள் எருமை புகுந்துவிட்டதுபோல் அலறியது.

வீட்டில் சின்னச் சத்தத்தில் வாசித்தால் ஒன்றும் இல்லை. மேடையில்தான் இந்தக் கூத்து. அதுவும் போன கோடைக்கு முன்புவரை எந்த மேடையிலும் இல்லை. அதே ஸ்பீக்கர், அதே வயர், அதே பாட்டுகள். வயரை மாற்றிப் பார்த்தேன். தந்தியை மாற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, திரும்பி, குனிந்து நின்றெல்லாம் வாசித்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவன். ஒரு பொருள் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

ராயகிரிக் கல்யாணத்தில் அது உச்சத்துக்குப் போயிற்று. பழைய டூயட் ஒன்றின் இடையிசை. அதில் கிதார் மட்டும் தனியாக வரும் இடம். ஊளை கிளம்பியதும் பந்தியில் இருந்தவர்கள்கூட இலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிற வெங்கடேஷ் கீபோர்டை விட்டு எழுந்து வந்து மிக்ஸரில் என் சேனலை மூடினான். மீதிக் கச்சேரி முழுக்க நான் சத்தமில்லாத கிதாரை வாசித்துக்கொண்டு நின்றேன். இறங்கிப் போகலாம் என்றால் வேன் அவனுடையது.

திரும்பி வரும்போது வேனில் அவன் ஆரம்பித்தான். நாங்கள் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், அதனால் அவனுக்கு மரியாதை என்பது கிடையாது.

"ஏலே வாத்தியாரே, கல்யாணத்துக்கு மாட்ட ஓட்டிட்டு வந்துட்டியளான்னு பொண்ணு வீட்டுக்காரன் கேக்கான். என்ன சொல்ல?"

"ரெண்டு நாள் குடு. கண்டுபிடிச்சிருதேன்."

"இதத்தான் மூணு கல்யாணமா சொல்லுத. புளியங்குடி கோயில் கொடைக்கு அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தீன்னா மேடையில ஏத்த மாட்டேன். பலகக் கிதார் ஒண்ணு வாங்கு. இல்லன்னா கோயில்பட்டியில ஒரு பய இருக்கான், அவன வரச் சொல்லுதேன்."

"பலகைல அந்தச் சத்தம் வராதுல."

"எந்தச் சத்தம்? மாடு கத்துததா?"

பின்சீட்டில் தபேலாக்காரர் சிரித்தார். நான் கிதார் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசியிருந்தால் அடிதடியாகியிருக்கும்.

அந்தச் சத்தம் என்ன என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டான். இப்போது கடைகளில் கிடைக்கிற எலெக்ட்ரிக் கிதாரெல்லாம் கெட்டி மரப்பலகை. தந்தி அதிர்கிறது, கீழே காந்தமும் கம்பிச்சுருளும் அதை மின்சாரமாக்குகின்றன, பலகைக்கு அதில் பெரிய வேலை இல்லை. என் கிதார் அப்படியில்லை. வீணைக் குடம்போல உள்ளே முழுக்கக் காலி, மேலே மெல்லிய மரத்தகடு, தகட்டில் நெளிந்த இரண்டு துளைகள். தந்தியைத் தட்டினால் தகடும் சேர்ந்து துடிக்கும். அந்தத் துடிப்பு தந்தியில் இருந்து கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். அதனால்தான் சுரம் 'டொம்' என்று உருண்டையாகப் பிறந்து சீக்கிரம் அடங்குகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய சினிமாப் பாட்டில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எட்டிப் பார்க்குமே, அந்தச் சத்தம். அதைப் பலகையில் கொண்டுவர கம்ப்யூட்டர் வைத்தும் முடியவில்லை.

ஆனால் கிடைக்க வேண்டுமே. புதிதாகச் செய்கிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வரவழைத்தால் சுங்க வரியிலேயே கண் பிதுங்கிவிடும். பழையது இங்கே இருப்பதே கொஞ்சம். அதில் பாதி சர்ச் ஸ்டோர் ரூமில் ஈரத்தில் கழுத்து வளைந்து கிடக்கிறது. மீதிப் பாதியைச் சென்னையிலும் பெங்களூரிலும் காபிக் கடைக்காரர்கள் வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள். கீழே உட்கார்ந்து காபி குடிக்கிறவன் அதோடு படம் எடுத்துக்கொள்வான். அதற்குத் தந்தி இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டான். ஒரு நல்ல உழவு மாட்டை வாங்கிப் பாடம்பண்ணி வரவேற்பறையில் நிறுத்துவதுபோலத்தான் இது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னுடையது ஜப்பான் கிதார். கடையநல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் ஆயிஷா சித்திகாவிடம் வாங்கினேன். அவருடைய வாப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி, அங்கே ஹோட்டல் பேண்டில் வாசித்துவிட்டுக் கொண்டுவந்தது. தகப்பனார் காலமான பிறகு யார் யாரோ கேட்டும் ஆயிஷா கொடுக்காமல், "வாசிக்கிறவருக்குத்தான் குடுப்பேன்" என்று என்னை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கொடுத்தார்.

ராயகிரிக் கச்சேரிக்கு மறுநாள் திருநெல்வேலிக்குப் போன் போட்டேன். அங்கே சங்கரபாண்டி என்பவர் இசைக்கருவி கடை வைத்திருக்கிறார். போன கோடையில் கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது என்று அவரிடம்தான் சர்வீசுக்கு விட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அதுக்கு வயசாயிட்டு. மரம் வத்திப் போச்சு. பழைய பெட்டின்னா இப்படித்தான் கத்தும்" என்றார். "இனி அது சுவத்துல மாட்டத்தான் லாயக்கு. எங்கிட்டயே குடுத்துருங்க. பதிலுக்கு நல்ல பலகக் கிதாரா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

மரம் வற்றினால் ஒரே ஒரு சுரம் மட்டும் ஏன் கத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் மறுபடி பலகைக் கிதாருக்கே வந்தார். புளியங்குடி கொடை நெருங்கிவிட்டது. கடைசியில், "சனிக்கிழமை கொண்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அறைய வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி ராஜகுமாரி போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏங்க, இது நம்ம கிதார்தான?"

பழைய பொருள்கள் விற்கிற பக்கம் ஒன்று. சிவப்பு மெருகு, திருகுக்குப் பக்கத்தில் பிறை மாதிரிக் கீறல். நம்முடையதேதான். 'அறுபதுகளின் ஜப்பான் கிதார், நல்ல நிலையில், எல்லாம் ஒரிஜினல்' என்று போட்டிருந்தது. போட்டது சங்கரபாண்டியின் கடை. தேதி போன கோடையில், கிதார் சர்வீசுக்கு அவரிடம் இருந்த வாரம்.

"நீங்க குடுக்கேன்னு நேத்துத்தான சொன்னீங்க? இவன் போன வருசமே வித்துட்டிருக்கான். உங்களயும் சேத்து விக்காம விட்டான்."

ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். நான்காவது படத்தில் நின்றேன். துளைக்குள் டார்ச் அடித்து எடுத்த படம். உள்ளே மரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் லேபிள், ஜப்பான் எழுத்து, வரிசை எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

அந்த லேபிளை நான் பார்த்ததே இல்லை. வாங்கின புதிதில் எத்தனையோ தடவை அந்தத் துளைக்குள் பார்த்திருக்கிறேன். உள்ளே கறுப்பாக இருக்கும். பெட்டிக்குள் இருட்டுதானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். எழுந்து போய் கிதாரை எடுத்து டார்ச் அடித்தேன். மஞ்சள் லேபிள் என்னைப் பார்த்தது. அப்படியானால் முன்பு நான் பார்த்தது இருட்டு இல்லை.

சங்கரபாண்டிக்குப் போன் போட்டேன். வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

"உள்ள இருந்தத எங்கவே?"

"என்ன அண்ணாச்சி?"

"கிதாருக்குள்ள இருந்தத. லேபிள மறச்சிட்டு இருந்துச்சில்லா?"

"அதுவா? ஒரே குப்ப அண்ணாச்சி. கறுப்புத் துணி. எலி கூடு கெட்டுன மாதிரி. கொறடு போட்டு இழுத்து வெளிய போட்டேன். லேபிள் தெரிஞ்சாத்தான பார்ட்டி நம்புவான்."

"எந்தப் பார்ட்டி? நான் விக்கேன்னு உம்மகிட்டச் சொன்னனா?"

"சும்மா வெல விசாரிக்கத்தான் போட்டேன். குப்பய எடுத்ததுக்குத் தனியா சார்ஜ்கூட வாங்கலியே" என்றார்.

"அடுத்தவன் பொருள விலைக்குப் போட்டுட்டு, அதுக்குள்ள இருந்ததையும் உருவிட்டு, மரம் வத்திப் போச்சுன்னு எங்கிட்டயே சொல்லுதீரு. நாளைக்கு நான் வரல. இனி எப்பவும் வரல. அந்தப் படத்த இப்பவே எடும். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ராஜகுமாரி, "நடந்தா கண்டுபிடிச்சிருவீங்களா? அந்தக் கடையநல்லூர் அக்காவுக்குப் போனப் போடுங்க" என்றாள்.

ஆயிஷா சித்திகா தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"அது பர்தாத் துணி சார். வெட்டுன மிச்சம். வாப்பா கேப்பாவ, நாந்தான் பை நெறயக் குடுப்பேன். இத அடைக்கலன்னா மேடையில ஜின்னு மாதிரி அலறும்னு சொல்லுவாவ."

"இத ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? வெலயக் கொறைக்க மட்டும் அம்புட்டுக் கேள்வி கேட்டீங்க."

அவர் மீது கோபப்பட வழியில்லாமல், அந்தக் கோபமும் சங்கரபாண்டியின் கணக்கில் சேர்ந்தது.

போனை வைத்ததும் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்புக்கு நானே செய்து காட்டுகிற சோதனை. தண்ணீரில் குழாயை நிறுத்தி, மேலே இசைக்கவையைத் தட்டிப் பிடிப்போம். குழாயில் காற்றின் நீளம் சரியாக ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் சத்தம் திடீரென்று ஓங்கும். அடைபட்ட காற்று ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு சுரம் உண்டு. காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் வருகிறதே, அதுதான். கிதாரும் ஒரு பாட்டில்தான், வாய் இரண்டு என்பது மட்டும் வித்தியாசம். என் பெட்டியின் சொந்தச் சுரம் ஐந்தாவது தந்தி இரண்டாவது ஃப்ரெட். அதை வாசித்தால் ஸ்பீக்கரிலிருந்து அதே சுரம் வந்து பெட்டிக்குள் இருக்கிற காற்றை ஆட்டும். காற்று தகட்டை ஆட்டும், தகடு தந்தியை ஆட்டும், தந்தியின் சத்தம் மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் பெருத்துக்கொண்டே போகும். வீட்டில் ஸ்பீக்கர் சத்தம் குறைவு, அதனால் சுற்று முழுமையாகாது. துணி இருந்தபோது காற்று ஆட முடியவில்லை. துணி போனது, ஊளை வந்தது.

மறுநாள் காலையில் தறிக்கூடத்துக்குப் போனேன். விசைத்தறி ஊரான எங்கள் சங்கரன்கோவிலில் கழிவு நூலுக்கா பஞ்சம்? மெக்கானிக்குகள் கிரீஸ் துடைக்க வாங்கிப் போகிற நூல்தான். ஒரு பை வாங்கி, பழைய காலுறைகளில் அடைத்து முடிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு விட்டு, துளை வழியாக உள்ளே தள்ளினேன். எப்போதாவது எடுக்க வேண்டுமென்றால் குறடு வேண்டாம், கயிற்றை இழுத்தால் போதும்.

புளியங்குடியில் கொடைப் பந்தலுக்கு மதியமே போய்விட்டேன். வெங்கடேஷ் ஸ்பீக்கர் இறக்கிக்கொண்டிருந்தான். கிதார் பையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"ஏலே, நான் சொன்னது காதுல விழலியா?"

"சேனலத் தொற. ஃபுல்லா வை."

"மாடு கத்துனா நீதான் அவுத்துட்டுப் போணும்."

முழுக்கத் திறந்தான். வேண்டுமென்றே இன்னும் ஒரு படி ஏற்றினான். நான் ஸ்பீக்கருக்கு நேரே போய் நின்று, ஐந்தாவது தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தித் தட்டினேன். 'டொம்' என்று வந்தது. உருண்டது, அடங்கியது. மறுபடி தட்டினேன். அடங்கியது.

வெங்கடேஷ் மிக்ஸரில் ஏற்றிய படியை இறக்கினான். "இத மொதல்லயே செய்ய என்ன கேடு உனக்கு?" என்று கேட்டுவிட்டு வயர் இழுக்கப் போனான். அவனுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கிற ஒருநாள் இருக்கிறது.

இதே தொல்லை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். பழைய வெற்றுப்பெட்டிக் கிதார் மேடையில் ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் ஊளையிட்டால் மரத்தைக் குறை சொல்ல வேண்டாம், விற்கவும் வேண்டாம். கழிவு நூலோ துணியோ காலுறையில் கட்டி, பெட்டியின் பாதி நிறையும் அளவுக்குத் துளை வழியாக உள்ளே வையுங்கள். மேல்தகட்டில் அழுந்தக் கூடாது. ஊளை நின்றுவிடும்.