அன்டெட்லினஸ் செத்த தேதி

எங்கள் ஆங்கில அகராதி அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை. ‘ஏ’ எழுத்தில் ஆரம்பித்தவர்கள் கல்லறைக்குப் போய்விட்டார்கள், ‘யு’வுக்கு வருவதற்குள் என் தலைமுடி போய்விட்டது. அன்று மாலை நான்கு மணிக்குள் ஒரு பக்கத்தை முடித்து அச்சகத்துக்குத் தர வேண்டும்.

அதில் ஒரு சொல் ‘அன்டெட்லினஸ்’ (undeadliness). சாவின்மை என்று பொருள். பழைய துறவிகள் எழுதினார்கள், ஆதி பைபிள் மொழிபெயர்ப்பில் வந்தது. லத்தீனிலிருந்து ‘இம்மார்ட்டாலிட்டி’ வந்து உட்கார்ந்ததும் இதை யாரும் சீந்தவில்லை. 1550க்குப் பிறகு சான்று இல்லை. வழக்கொழிந்தது என்று சிலுவைக் குறி போட்டுவிட்டேன்.

இரண்டரை மணிக்கு, கல்யாணத்துக்குத் தடையில்லாத ஆங்கிலிக்கன் சபைப் பாதிரியார் ஃபாதர் டல்க் உள்ளே வந்தார்.

“ஹெஸ்டரோட சீட்டு எங்கய்யா?”

ஹெஸ்டர் அவருடைய மறைந்த மனைவி. முப்பது வருடம் சம்பளமில்லாமல் எங்களுக்காகப் புத்தகங்கள் படித்து, சொற்கள் வரும் வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்பியவர். ஒன்றுகூட அச்சேறவில்லை.

“இன்னிக்கு ‘அன்டெட்லினஸ்’ அச்சுக்குப் போகுதாமே. 1790 பிரசங்கப் புத்தகத்துல அந்தச் சொல்லக் கண்டுபிடிச்சா. இனிமே அவ சீட்டுன்னு அனுப்ப ஆள் இல்ல, தம்பி.”

தேடினேன். ‘யு’வில் இருக்க வேண்டியது, ‘டெட்லினஸ்’ சீட்டுகளோடு ‘டி’ கட்டுக்குள் இருந்தது. செருகிய மகானுபாவன் நானேதான்.

“இருபது வருஷமா அங்க என்ன பண்ணுச்சு?”

“ஓய்வெடுத்துச்சு, ஃபாதர்.”

சீட்டில் பக்க எண் இல்லை. பக்க எண் இல்லாத மேற்கோளை அச்சிட மாட்டோம்.

“அவளுக்கு நம்பரே ஆகாது. எங்க கல்யாண நாளையே தப்பாத்தான் சொல்லுவா,” என்றபடி பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அறுநூறு பக்கம்! முதுகு பிய்ந்திருந்ததால் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

“பாவத்தப் பத்தியே அறுபது பக்கமா? மனுஷன் மூச்சே விட மாட்டானா!” என்றேன்.

“நான்னா அரைமணியில முடிச்சிருப்பேன்.”

“உங்க பிரசங்கத்தக் கேட்டிருக்கேன். முடிச்சதில்ல.”

மூன்று ஐம்பதுக்கு, 411ஆம் பக்கத்தில் அகப்பட்டது. பாதகி, வாக்கியத்தை ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருந்தார். சிலுவை சிலுவையாகவே இருந்தது. சாவு மட்டும் இருநூற்று நாற்பது வருடம் தள்ளிப் போனது. ஹெஸ்டரின் மேற்கோளோடு பக்கம் அச்சகத்துக்குப் போயிற்று.

ஃபாதர் எழுந்திருக்கவில்லை.

“அந்தச் சீட்டு... அவ கையெழுத்துன்னு வீட்டுல வேற ஒண்ணும் இல்ல.”

சீட்டு கொட்டகையை விட்டு வெளியே போகக்கூடாது. அது எங்கள் வேதம்.

எரிச்சலோடு வெற்றுச் சீட்டொன்றை எடுத்து, என் கோழிக் கிறுக்கலில் நகலெழுதிக் கட்டுக்குள் வைத்துவிட்டு, ஹெஸ்டரின் சீட்டை நீட்டினேன்.

“எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, ஃபாதர். நன்றி கின்றின்னு ஆரம்பிச்சா பிடுங்கிக்குவேன்.”